மூக்கில் மஞ்சள்

எனக்கு அடி படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடப் போட்டியில் நடுவர்கள் எனக்கு எதிராகப் புள்ளி போட்டார்கள் என்றால், அது அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் கோளாறு. அதற்கு முந்தின போட்டியில் தோற்றதற்குக் காரணம் வெளிச்சம். எதிராளியின் கை என் மூக்குக்குப் பக்கத்தில் வந்தது உண்மைதான். பக்கத்தில் வந்துவிட்டால் பட்டதாகிவிடுமா? பஸ்ஸில் எத்தனை பேர் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்!

இப்படித்தான் நான் வீட்டில் சொன்னேன், கோச்சிடம் சொன்னேன், கேட்காதவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். மாத்தளை டவுனில் எங்கள் குத்துச்சண்டைக் கழகத்தில் தர்ஷிகா என்றால் எல்லோருக்கும் தெரியும். அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மணி அடித்ததும் உள்ளே பாய்ந்து இரண்டு கையாலும் வெளுத்து வாங்குவேன். கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போவதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் வேலை என்பது என் கட்சி. "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று கோச் கத்துவார். கத்தட்டும், அவருக்குத் தொண்டை நல்ல தொண்டை.

அப்பாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. அப்பா பெயர் இராசமாணிக்கம். பெரிய தெருவில் மிளகு, கராம்பு, சாதிக்காய், மஞ்சள் எல்லாம் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனுசன். இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"இங்க பாரு. மாகாண டீமுக்கு ஆள் எடுக்கிற போட்டி வருது தானே? அதில ஜெயிச்சிட்டன்னா நீ எவ்வளவு காலம் வேணும்னாலும் ஆடு, நான் வாயே தெறக்க மாட்டேன். தோத்தா கிளவுஸக் கழட்டி வச்சிரணும். நாங்க மாப்பிள்ள பார்ப்போம். சரியா?"

சரி என்றுவிட்டேன். ரோசக்காரி வேறு என்ன சொல்வாள்? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிங்குக்குள் கால் வைக்கும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வருமே, அது இல்லாத வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நிரஞ்சனி என் கூட்டாளி. கழகத்தில் எனக்கு ஜோடி, அடுத்த ஒழுங்கையில் வீடு. போட்டிக்கு ஆயத்தமாக எங்கள் வீட்டுப் பின்வளவில், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, சாயந்தரம் சாயந்தரம் பயிற்சி செய்வோம். அவள் மெதுவாக முகத்தைத் தொடுவாள், நான் தப்ப வேண்டும். பயிற்சியில் பாதி நேரம் வழக்கில் போகும்.

"பட்டிருச்சு."

"படல."

"ஏய், என் கையில உன் மூக்கு தட்டுப்பட்டிச்சுடி!"

"அது காத்து."

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு விறுவிறு என்று எங்கள் குசினிக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பேசின், அது நிறையக் குழைத்த மஞ்சள். கிளவுஸ் இரண்டிலும் அதை அள்ளி அப்பினாள்.

"இப்ப வா. பட்டா ஒட்டும். ஒட்டலன்னா நீ சொல்றதுதான் சரி, நான் உன் கால்ல விழுறேன்."

நான் நிமிர்ந்து நின்றேன். காலில் விழுந்தால் எப்படி எழுப்பிவிடுவது என்றுகூட யோசித்து வைத்தேன். ஆட்டம் முடிந்து, "பார்த்தியா, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் பூசணிக்காய் நின்றது. மூக்கு, கன்னம், நாடி, நெற்றி, ஒன்றும் பாக்கியில்லை. ஒரு காதுக்குள்ளும் போயிருந்தது. நிரஞ்சனி நிலத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் சவுக்காரத்தை எடுத்து முகத்தைத் தேய்த்தேன். மஞ்சளும் சவுக்காரமும் சேர்ந்தால் சிவப்பாகும் என்பது எனக்கு எங்கே தெரியும்! துவாயெல்லாம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்து "ஐயோ, என் புள்ளைக்கு மண்டை உடைஞ்சிருச்சே!" என்று போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

விசயம் தெரிந்ததும் அம்மாவுக்கு வேறு கவலை. அம்மா பெயர் பரிமளம், பெயருக்கேற்ற மாதிரி மஞ்சளும் மல்லியும் அவளுக்கு உயிர். "மஞ்சள் தட்டுப்பாடு வந்தப்போ கறியில போடக்கூட இல்லாம கிடந்தோம். இவளுக என்னடான்னா மூஞ்சில அடிச்சு விளையாடுறாளுக!" என்று பேசினை ஒளித்து வைத்தாள். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை முகத்தில் மஞ்சள் போகவில்லை. அப்படியே வேலைக்குப் போனேன். நான் வேலை செய்வது றம்லா அக்காவின் மருந்துக் கடையில். அவர் எங்களுக்குப் பக்கத்து வீடும்கூட. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, மஞ்சள் காமாலையோ என்று என் கண் இமையை இழுத்துப் பார்த்ததுதான்.

"புள்ள, செங்கமாரியா? கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு!"

"இல்லக்கா, சும்மா மஞ்சள்."

"சும்மா யாராச்சும் மஞ்சள் பூசுவாங்களா?"

நான் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் 'அடி பட்டது' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதற்கு என் வாய் வளையாது. அதனால் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன். றம்லா அக்கா என் சிரிப்பை மேலும் கீழும் பார்த்தார். அன்று சாயந்தரம் மதிலுக்கு மேலால் எங்கள் பின்வளவையும் பார்த்தார். கல்யாணமாகாத ஒரு பெண், முகமெல்லாம் மஞ்சள், பக்கத்தில் தோழி கலகலவென்று சிரிக்கிறாள். ஒரு தமிழ் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம்? கல்யாணப் பெண்ணுக்கு நலுங்கு வைக்கிறார்கள். முஸ்லிமான றம்லா அக்காவுக்கே தெரியும்போது தெருவில் மற்றவர்களுக்குத் தெரியாதா?

"என்ன பரிமளம் அக்கா, சத்தமில்லாம முடிக்கிறீங்க போல?" என்று ஆளாளுக்கு அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்கள். "ஐயையோ, கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல, அவ குத்துச்சண்டைக்குப் பழகுறா" என்று அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதை ஒருவரும் நம்பவில்லை. அம்மா மறுக்க மறுக்கக் கல்யாணம் பெரிதாகிக்கொண்டே போனது. மாப்பிள்ளை கனடா என்றார்கள். இல்லை, நாவுலையில் மரக்கறி மொத்த வியாபாரம் என்றார்கள். யாரோ அவர் கொஞ்சம் கறுப்பு, ஆனால் நல்ல குணம் என்றும் சொன்னார்களாம். எனக்கே அவரைப் பார்க்க ஆசையாகிவிட்டது.

இதற்கிடையில் பின்வளவில் எனக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நிரஞ்சனி வேகமாகக் கையை விட்டாள். நான் ஏன் செய்தேனோ, தலையைச் சும்மா ஒரு சாண் சாய்த்தேன். அவள் கை என் காதோரமாகக் காற்றைக் குத்திக்கொண்டு போனது. போன கையோடு அவளும் போய் மிளகுக் கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முழுப் பக்கமும் எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. அடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஊதினால் விழுவாள்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. இவ்வளவு காலம் நான் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். தப்பினால் கதவு தானாகத் திறக்கிறது! அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு சமைத்தேன். நாடியை நெஞ்சில் பதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். றம்லா அக்கா மாத்திரைப் பெட்டியை நீட்டினால் தலையைச் சாய்த்து ஒரு அடி பக்கவாட்டில் வைத்துத்தான் வாங்கினேன். வெட்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகத்தில் மஞ்சள் நாளுக்கு நாள் குறைந்தது. முதலில் நெற்றி வெளுத்தது, பிறகு கன்னம். கடைசியில் மூக்கு நுனியில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியது. அந்தப் பொட்டை மட்டும் என்னால் ஒழிக்கவே முடியவில்லை. கோபம் வந்தால் கையை இறக்கிவிடுவேன், இறக்கினால் மூக்கில் பொட்டு.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. வில்கமுவவில் இருக்கும் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. போனைக் காதில் வைக்காமலே எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"நல்லாருக்கு அண்ணே, நல்லாருக்கு! என் மருமகளுக்குக் கல்யாணம், அத நான் பஸ்ல யாரோ சொல்லிக் கேள்விப்படணுமா? முறை மாப்பிள்ள ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்கான். தர மாட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யக்கூடாதா?"

"கல்யாணம் இல்ல தங்கச்சி. ஞாயித்துக்கிழம அவளுக்குக் குத்துச்சண்டைப் போட்டி."

"எங்க?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். விளையாட்டு அரங்கு கிடைக்காததால் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் ரிங் போடுவதாக இருந்தார்கள். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "கல்யாண மண்டபத்திலதான்" என்றார்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா அண்ணே!" என்று அத்தை அழுதுகொண்டே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் முதல் நாள் ஒரு கல்யாணம் நடந்திருந்தது போல. மணவறைப் பூ அலங்காரம் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் ரிங் போட்டிருந்தார்கள். நான் கையில் துணி சுற்றிக்கொண்டு மூலையில் நிற்கிறேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பட்டுச்சேலை கட்டிய அத்தை இறங்கினார். பின்னால் மாமா, சித்திமார், நண்டும் சிண்டுமாக ஒரு பட்டாளம். பழத்தட்டு, பூத்தட்டு, ஒரு பெரிய பூசணிக்காய். "யாரக் கேட்டு இந்தக் கல்யாணம்?" என்று கேட்பதற்கு வாயைத் திறந்துகொண்டே உள்ளே வந்த அத்தை, மணவறையைப் பார்த்தார், கயிறு கட்டிய ரிங்கைப் பார்த்தார், சிவப்புப் பனியனும் தலைக்கவசமுமாக நின்ற என்னைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

"மாப்பிள்ள எங்கடி?" என்றார் கடைசியில்.

எதிர் மூலையைக் காட்டினேன். அங்கே தம்புள்ளைக்காரி சந்தமாலி நீலப் பனியனோடு துள்ளிக்கொண்டிருந்தாள். மாகாணத்திலேயே நீளமான கை அவளுக்குத்தான். அத்தைக்குப் பின்னால் வேட்டி கட்டிக்கொண்டு நின்ற அவர் மகன் கிஷாந்த், பாவம், நிம்மதிப் பெருமூச்சு விட்டான். சின்ன வயதில் ஒரே மாமரத்திலிருந்து சேர்ந்து விழுந்தவர்கள் நாங்கள். கல்யாணம் என்று யாராவது சொன்னால் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வரும்.

வந்ததே வந்தோம் என்று வேன் முழுவதும் முதல் வரிசையில் தட்டுகளோடு உட்கார்ந்துகொண்டது. அப்பா கடைசி வரிசையில் தனியாக இருந்தார். மணி அடித்தது.

முதல் சுற்றில் நான் பாயவில்லை. சந்தமாலியின் இடது கை வந்தது, சாய்ந்தேன். வலது வந்தது, குனிந்தேன். அவள் இழுத்து விட்ட ஒரு கை என் தலைக்கு மேலால் போய் அவளையே அரைச் சுற்றுச் சுற்றிவிட்டது. அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு தடவை நேராக வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ரிங்குக்குள் சிரிக்கக்கூடாது என்று பல்காப்பைக் கடித்துக்கொண்டு ஆடினேன். முன்வரிசையில் அத்தைக்கு மெல்லச் சுரணை வந்தது. "ஏய், யாருடி அவ, என் மருமக மேல கை நீட்டுறது!" என்று எழுந்தேவிட்டார்.

இரண்டாவது சுற்றில்தான் வினை வந்தது. வேன் முழுவதும் ஒரே குரலில் "அடி தர்ஷி, அடி!" என்றது. பூசணிக்காயைத் தட்டித் தாளம் வேறு. சித்தி ஒருத்தி "என்னடி பின்னாலயே போற, பயமா?" என்று கத்தினாள். பயமா! எனக்கா! காது சுட்டது. கையை இறக்கினேன், உள்ளே பாய்ந்தேன். சந்தமாலி அதற்காகவே காத்திருந்த மாதிரி நேராக மூக்கில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. மண்டபத்தில் இருந்த எல்லா மின்விசிறிகளும் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. சுற்று முடியும்வரை நான் அவளைத் துரத்தினேன், அவள் என்னைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

மூலைக்கு வந்து உட்கார்ந்தேன். கோச் தண்ணீரை நீட்டி, வழக்கம் போல ஒரு சண்டைக்குத் தயாராகிக்கொண்டே கேட்டார்.

"மூக்கில பட்டதா?"

"பட்டது" என்றேன்.

கோச்சின் கையிலிருந்து போத்தல் நழுவியது. கீழே நின்ற நிரஞ்சனி என் முகத்தையே பார்த்தாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்னவோ பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பட்டது. அவ்வளவுதான். பட்டது என்று தெரிந்தால்தானே அடுத்தது படாமல் பார்க்கலாம்! ஆளுக்கு ஒரு சுற்று. இந்தச் சுற்று போனால் எல்லாம் போனது. கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை யார் அடிக்கப் போகிறார்களோ.

மூன்றாவது சுற்றில் முன்வரிசை கத்திய கத்தல் என் காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை. முழங்கை விலாவில், நாடி நெஞ்சில். சந்தமாலிக்கு அவசரம். விட்டாள், காற்று. விட்டாள், என் முழங்கை. விட்டாள், மறுபடியும் காற்று. ஒவ்வொரு தடவையும் அவள் கை திரும்பிப் போவதற்குள் நான் ஒன்றை வைத்துவிட்டு இடத்தை விட்டு விலகிவிட்டேன். ஒரு கட்டத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் நில்லேன்!" என்று சிங்களத்தில் கெஞ்சினாள். நான் நிற்கவில்லை. கடைசி மணி அடித்தபோது மூக்கு மேல் புதிதாக ஒன்றும் பட்டிருக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, நடுவர்கள் சொன்னார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் எனக்கு. மத்தியஸ்தர் என் கையை உயர்த்தினார். நான் ரிங்குக்குள்ளேயே குதித்தேன், சந்தமாலியைத் தூக்கிச் சுற்றினேன், அவள் என்னைச் சுற்றினாள், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

அத்தை வேனில் சாப்பாடும் கொண்டுவந்திருந்தார். சண்டை பிடித்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிற குடும்பம் அல்ல எங்களது. மண்டபத்துப் பின்பக்கத்தில் வாழை இலை விரித்தார்கள். சந்தமாலியையும் பிடித்து உட்காரவைத்து, "மூக்கில அடிப்பியா, மூக்கில அடிப்பியா" என்று கேட்டுக் கேட்டு அத்தை அவள் இலையில் சோறு போட்டார். அவளுக்குத் தமிழ் தெரியாது. நன்றி என்று நினைத்துத் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டாள்.

பிறகு அத்தை அப்பாவுக்கு எதிரில் வந்து அமர்ந்தார்.

"அண்ணே, சொந்தமெல்லாம் கூடியிருக்கு. மண்டபம் இருக்கு, பூ இருக்கு, தட்டும் இருக்கு. மாத்திக்குவோமா?"

"சோறு ஆறுது தங்கச்சி" என்றார் அப்பா.

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க."

"கத்தரிக்கா உங்க தோட்டத்துதா? நல்லாருக்கு."

"பேச்ச மாத்தாதீங்க."

"அங்கிட்டு மழை எப்படி?"

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணுக்கு வயசு நிக்குமா? ஊரு என்ன சொல்லும்? மூஞ்சி உடைஞ்சா நாளைக்கு யாரு வருவா?" என்று மூச்சு விடாமல் அடுத்தடுத்துப் போட்டார். அப்பா அசையவில்லை. கடைசிக் கேள்வியும் முடியும்வரை இருந்தார். தங்கையை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"தோத்தா கல்யாணம் பேசுவோம்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்" என்றார். "அவ தோக்கல. இனி அவளா வந்து கேட்கிற வரைக்கும் எங்க வீட்ல அந்தப் பேச்சு கிடையாது. யாரு கேட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன். ஊரு என்ன சொல்லுதோ, அது எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

எனக்கு இலை மங்கியது. மூக்கில் அடி வாங்கியபோது வராத அழுகை, ரசத்துச் சோற்றில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அன்று அந்த மண்டபத்தில் மிகச் சிறந்த தற்காப்பு என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் அவர் நின்றார், அவ்வளவு பேர் மத்தியில், மூன்று அடியும் தன் மேல் விழ.

அத்தை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குழம்புச் சட்டியை இழுத்து அப்பாவின் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

"சரி, அப்ப அடுத்த போட்டி எப்போ? வேன்காரனுக்கு இப்பவே சொல்லி வைக்கணும்."